செல்லுபடியாகும் உரிமம், முடிந்துபோன உரிமை: ஜெர்மனியில் ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கு விவரிக்கப்படும் நிகழ்வு எந்த ஒரு தனிக் குடும்பத்தின் கதையும் அன்று. ஜெர்மனிக்கு வேலைக்கோ குடும்பத்தோடு சேர்ந்து வாழவோ வருகிறவர்கள் ஓட்டுநர் உரிமம் தொடர்பாக வழக்கமாகச் சறுக்கும் இடங்களை ஒரே கோவையில் வைத்துப் பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட மாதிரி நிகழ்வு இது. தேதிகளும் யூரோ கணக்குகளும் அந்த நோக்கத்துக்காக நான் வகுத்துக்கொண்டவை. சட்டப் பிரிவுகளும் காலக்கெடுக்களும் உச்ச வரம்புகளும் உண்மையில் உள்ளவை.

நிகழ்வின் மையத்தில் ஒரு தம்பதியர் இருக்கிறார்கள். மனைவி பொறியாளர், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வேலைக்காகத் தென் ஜெர்மனியின் நடுத்தர நகரம் ஒன்றுக்கு வந்து, தமது இந்திய உரிமத்தைக் கொடுத்து இரண்டு தேர்வுகளையும் எழுதி ஜெர்மன் உரிமம் பெற்றவர். கார் அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, காப்பீடும் அவர் பெயரில்தான். கணவர் ஜனவரி 3 அன்று குடும்பச் சேர்க்கை விசாவில் வந்து சேர்கிறார். இந்தியாவில் பதினான்கு ஆண்டுகள் கார் ஓட்டியவர்; அவருடைய உரிமம் இன்னும் பல ஆண்டுகளுக்குச் செல்லும். வந்த வாரத்திலேயே நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு, அதாவது இங்குள்ள எல்லாரும் சொல்லும் 'அன்மெல்டுங்', முடிந்துவிடுகிறது. உரிமத்துக்கான ஜெர்மன் மொழிபெயர்ப்பை மனைவி முன்கூட்டியே செய்து வைத்திருந்ததால், ஜனவரி இறுதியிலிருந்து அவர் சட்டப்படியே கார் ஓட்டத் தொடங்குகிறார்.

மே 30 அன்று உறவினர் திருமணத்துக்காக அவர் ஊருக்குப் போகிறார். ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலை 4 அன்று திரும்பி வருகிறார். ஊரில் இருந்தபோது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்றையும் வாங்கி வந்தார். ஓராண்டுக்குச் செல்லும் அந்தச் சிறு புத்தகத்தில் அடுத்த ஆண்டு ஜூன் வரையிலான தேதி தெளிவாக அச்சாகியிருந்தது. திரும்பி வந்த மறுநாளே அவர் மீண்டும் காரை எடுத்தார்.

ஆகஸ்ட் 28 அன்று, மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்புள்ள குடியிருப்புத் தெரு ஒன்றில், விளக்கோ முன்னுரிமைப் பலகையோ இல்லாத சந்திப்பை அவர் நேராகக் கடக்கிறார். வலப்பக்கத்துச் சிறு தெருவிலிருந்து வந்த கார் அவருடைய காரில் உரசி நிற்கிறது. யாருக்கும் காயமில்லை. எதிர்க் காரின் முன் சக்கர மேல்தகடும் ஒரு கதவும் நசுங்கின. இவ்வளவு சிறிய மோதலில் இருவரும் முகவரியை மாற்றிக்கொண்டு போய்விடுவதுதான் வழக்கம். ஆனால் அது நிறுவனம் ஒன்று குத்தகைக்கு எடுத்த கார்; அத்தகைய வண்டிகளுக்கு விபத்து நேர்ந்தால் காவல்துறையை அழைத்தே தீர வேண்டும் என்பது பெரும்பாலும் குத்தகை ஒப்பந்தத்திலேயே இருக்கும். எதிர்க் காரின் ஓட்டுநர் அழைத்தார்.

காவலர் உரிமத்தைக் கேட்டார். கணவர் இந்திய உரிமத்தையும் மொழிபெயர்ப்பையும் புதிய சர்வதேச அனுமதியையும் சேர்த்து நீட்டினார். காவலர் மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து ஜெர்மனியில் வசிக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார். 'ஜனவரியிலிருந்து' என்றார் இவர். ஊருக்குப் போய்வந்த பிறகு இரண்டு மாதமாக இந்த வழியில்தான் ஓட்டுகிறேன், ஒரு சிக்கலும் வந்ததில்லை என்றும் தாமாகவே சேர்த்துச் சொன்னார். அன்று அவர் குடியேறிய 238-ஆம் நாள். வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது என்று காவலர் சொல்லிவிட, மனைவி டிராமில் வந்து காரை எடுத்துச் சென்றார்.

எந்தத் தேதி எண்ணப்படுகிறது

இந்த நிகழ்வில் நான்கு தேதிகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன: இந்திய உரிமத்தின் காலாவதித் தேதி, சர்வதேச அனுமதியின் காலாவதித் தேதி, கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த தேதி, குடியேறிய தேதி. முதல் மூன்றும் கணவருக்குச் சாதகமானவை. சட்டம் நான்காவதை மட்டுமே பார்க்கிறது.

ஜெர்மன் ஓட்டுநர் உரிம ஒழுங்காணையின் 29-ஆவது பிரிவு, வெளிநாட்டு உரிமத்தோடு வருபவரை அது ஓட்டக்கூடிய வாகன வகைகளுக்குள் ஓட்ட அனுமதிக்கிறது. ஆனால் அவர் இந்நாட்டில் முறையான வதிவிடத்தை ஏற்படுத்திக்கொண்டால், அந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு மட்டுமே அந்த அனுமதி நீடிக்கும். முறையான வதிவிடம் எது என்பதை அதே ஆணையின் 7-ஆவது பிரிவு விளக்குகிறது: ஒருவர் தமது தனிப்பட்ட பிணைப்புகளாலும் தொழில்சார்ந்த பிணைப்புகளாலும் ஆண்டில் குறைந்தது 185 நாட்கள் வழக்கமாக வாழும் இடம் அது. குடும்பத்தோடு நிலையாக வாழ விசா பெற்று, மனைவி வசிக்கும் வீட்டில் வந்து இறங்குகிறவரைப் பொறுத்தவரை, வதிவிடம் பெரும்பாலும் வந்து இறங்கிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. 185 நாட்கள் முடிந்த பிறகுதான் ஒருவர் வதிவாளராகிறார் என்று இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் ஆறு மாதமும் ஆறு மாதமும் சேர்ந்து ஓராண்டு கிடைப்பதுபோலத் தோன்றும். வழக்கமாக வாழப்போகும் இடம் எது என்பதற்கான அளவுகோலே அந்த 185 நாட்கள். அது காத்திருப்புக் காலமன்று. முகவரிப் பதிவும் வதிவிடத்தை உருவாக்குவதில்லை, அதற்குச் சான்றாக மட்டுமே நிற்கிறது. ஆகவே எச்சரிக்கையோடு எண்ணுகிறவர் வந்த நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு.

அப்படி எண்ணினால் கணவரின் ஆறு மாதம் ஜூலை 3-ஆம் தேதியோடு முடிகிறது. அன்று அவர் ஜெர்மனியில்கூட இல்லை. மறுநாள்தான் வந்து இறங்கினார். திரும்பி வந்த பிறகு அவர் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் உரிமையற்ற ஓட்டம் என்பது இதன் பொருள். விபத்து நாளில் கெடு முடிந்து 56 நாட்கள் கடந்திருந்தன.

ஊருக்குப் போய்வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? தம்பதியர் இருவருமே இதை உறுதியாக நம்பியிருந்தார்கள். 'நீங்க ஜூலையிலதானே திரும்பி வந்தீங்க, ஜனவரி வரைக்கும் ஓட்டலாம்' என்று மனைவியே சொல்லியிருந்தார். இந்த எண்ணத்துக்கு முழுக்க அடிப்படையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சுற்றுலாப் பயணிக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனெனில் அவருக்கு இங்கே வதிவிடமே ஏற்படுவதில்லை. ஜப்பானில் வசிக்கும் வெளிநாட்டவர் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பும்போது, வெளியே மூன்று மாதங்களுக்குக் குறையாமல் தங்கியிருந்தால்தான் புதிய சர்வதேச அனுமதிக்கான ஓராண்டுக் கணக்கு திரும்பவும் தொடங்கும் என்று ஒரு விதி இருக்கிறது. இப்படி ஒரு நாட்டின் விதி வாய்வழியாகப் பரவி, மூன்று மாதம் என்ற நிபந்தனை உதிர்ந்து, 'போய்வந்தால் புதுக்கணக்கு' என்ற பாதி உண்மை மட்டும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தங்கிவிடுகிறது என்பது என் ஊகம். ஜெர்மனியைப் பொறுத்தவரை, மனைவியும் வீடும் இங்கேயே இருக்க, ஐந்து வாரம் திருமணத்துக்குப் போய்வந்தவரின் வதிவிடம் ஒரு நாள்கூட அறுபடவில்லை.

ஆறு மாதத்தை நீட்டிக்க வழி உண்டா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். தமது வதிவிடம் மொத்தம் 12 மாதங்களுக்கு மேல் நீடிக்காது என்று ஒருவர் நம்பத்தகுந்த முறையில் காட்டினால், உரிம அலுவலகம் கெடுவை மேலும் ஆறு மாதங்கள் வரை நீட்டிக்கலாம். ஓராண்டுத் திட்டப் பணிக்கு வருகிறவர்களுக்கு இது உதவும். மனைவிக்கு நிரந்தர வேலை இருக்கும் வீட்டில் குடும்பச் சேர்க்கையாக வந்தவருக்கு உதவாது.

காலக்கெடு நாட்டுக்கு நாடு வெவ்வேறு. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் குடியேறியவருக்கு 12 மாதங்கள். ஜெர்மனிக்கு முன்பு பிரிட்டனில் இருந்தவர்கள் அந்தப் பன்னிரண்டு மாதத்தைப் பழக்கமாகவே மனத்தில் சுமந்து வருவதும் சறுக்கலுக்கு ஒரு காரணம்.

சர்வதேச அனுமதி எதற்கு, எதற்கு இல்லை

காவலரிடம் கணவர் மிகுந்த நம்பிக்கையோடு நீட்டியது அந்தச் சிறு புத்தகத்தைத்தான். 'சர்வதேச' என்ற சொல்லே ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. உண்மையில் அது ஒரு மொழிபெயர்ப்பு. சொந்த நாட்டு உரிமம் இன்னின்ன வகை வண்டிகளுக்கு வழங்கப்பட்டது என்று பல மொழிகளில் சொல்லும் துணை ஆவணம். மூல உரிமம் இல்லாமல் அதற்குத் தனி மதிப்பு இல்லை, மூல உரிமம் ஒரு நாட்டில் செல்லாமல் போன பிறகு இதுவும் அங்கே செல்லாது.

சாலைப் போக்குவரத்து தொடர்பாக 1926, 1949, 1968 ஆகிய ஆண்டுகளில் மூன்று உடன்படிக்கைகள் முறையே பாரிஸ், ஜெனீவா, வியன்னா நகரங்களில் உருவாயின. எந்த நாடு எதில் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது வழங்கும் அனுமதி எங்கே ஏற்கப்படும் என்பது தீர்மானமாகிறது. இந்தியா 1949 உடன்படிக்கையைச் சேர்ந்தது. ஜெர்மனி அதில் இல்லை, 1926-லும் 1968-லும் இருக்கிறது. இதனால்தான் ஜெர்மன் சர்வதேச அனுமதியை எடுத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போகிறவர் அங்கே அதைக் காட்டி ஓட்ட முடிவதில்லை, ஜப்பானிய மொழிபெயர்ப்பைத் தனியே வாங்க வேண்டியிருக்கிறது. உலகம் முழுதும் செல்லும் ஓட்டுநர் அனுமதி என்று ஒன்று கிடையவே கிடையாது.

இதைவிட முக்கியமான ஒன்று 1968 உடன்படிக்கையின் 41-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒருவர் தமது வழக்கமான வதிவிடத்தைத் தங்கள் நாட்டுக்கு மாற்றிக்கொண்டுவிட்டால், அவருடைய பழைய நாட்டு உரிமத்தை ஏற்க மறுக்கும் உரிமையை அது உறுப்பு நாடுகளுக்கு வெளிப்படையாகவே கொடுக்கிறது. உரிமங்களை ஒருவருக்கொருவர் மதிப்பது விருந்தாளிக்குக் காட்டும் மரியாதை. வீட்டிலேயே தங்கிவிட்டவருக்கு வீட்டு வழக்கம்தான். ஜெர்மனியின் ஆறு மாதம் இந்த இரண்டுக்கும் இடையில் கொடுக்கப்பட்ட மாறுதல் காலம், அவ்வளவே.

கணவர் ஜூனில் செய்தது போலவே, சிலர் ஊருக்குப் போகும்போது உரிமத்தையே புதுப்பித்துக்கொண்டோ, ஒருபடி மேலே போய் புதிதாகத் தேர்வெழுதி உரிமம் வாங்கிக்கொண்டோ வருவார்கள். புதுப்பித்தல் கெடுவை ஒரு நாளும் தள்ளிவைக்காது. ஜெர்மனியில் வதிவிடம் இருக்கும் காலத்தில் விடுமுறையில் போய் வெளிநாட்டில் புதிதாகப் பெற்ற உரிமத்தின் நிலை இன்னும் மோசம். வழங்கப்பட்ட நாளில் அவருடைய வதிவிடம் ஜெர்மனியில் இருந்ததால், அந்த உரிமத்தில் இங்கே ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

குற்றம்

பல நாடுகளில் இத்தகைய தவறு அபராதத்தோடும் உரிமப் புள்ளிகளோடும் முடிந்துவிடும். ஜெர்மனியில் உரிமையற்று ஓட்டுவது ஒழுங்குமீறலாகக் கருதப்படுவதில்லை, குற்றமாகவே கருதப்படுகிறது. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, தெரிந்தே செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்றும், கவனக்குறைவால் செய்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 180 'நாள் வீதம்' (ஒருவருடைய ஒரு நாள் நிகர வருமானத்தை ஓர் அலகாக வைக்கும் அபராதக் கணக்கு) வரை அபராதம் என்றும் வகுக்கிறது. உரிமத்தை வீட்டில் மறந்துவிட்டு ஓட்டுவது வேறு, அது சிறு தொகையோடு போகும். ஓட்டும் உரிமையே இல்லாமல் ஓட்டுவது இந்தப் பிரிவுக்குள் வருகிறது. ஆறு மாதக் கெடு தாண்டிய வெளிநாட்டு உரிமதாரர், ஒருபோதும் உரிமமே வாங்காதவர் நிற்கும் அதே சட்டப் பிரிவில்தான் நிற்கிறார். தண்டனையின் அளவு வேறுபடும், பிரிவு மாறாது.

செப்டம்பரில் காவல்துறையிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தம்மைப் பற்றிய அடையாள விவரங்களைத் தவிர வேறு எதையும் சொல்லாமலிருக்க உரிமை உண்டு. கணவர் அந்த உரிமையைச் சம்பவ இடத்திலேயே கைநழுவ விட்டிருந்தார். 'இரண்டு மாதமாக இந்த வழியில்தான்' என்ற வாசகம் காவல்துறைக் குறிப்பில் அப்படியே பதிவாகியிருந்தது. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குச் சொன்ன அந்தப் பதில், ஒரு பயணத்தைப் பல பயணங்களாக்கிவிட்டது, பின்னர் பார்க்கப்போவதுபோல் மனைவியையும் உள்ளே இழுத்தது.

தெரியாமல் செய்தேன் என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும்? குற்றவியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, செய்வது தவறு என்று அறியாமல் இருந்ததும் அந்த அறியாமையைத் தவிர்த்திருக்க வழியே இல்லாமல் இருந்ததும் சேர்ந்தால்தான் குற்றப்பொறுப்பு நீங்கும். தவிர்த்திருக்கக்கூடிய அறியாமை என்றால் தண்டனை குறைக்கப்படலாம், அவ்வளவுதான். உரிம அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும் என்கிற நிலையில், வேறொரு நாட்டில் வாழ வருகிறவர் அந்நாட்டு விதியை விசாரித்திருக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கப்படுகிறது.

நவம்பரில் நீதிமன்றத்திலிருந்து தண்டனை ஆணை வந்தது. விசாரணை இல்லாமல் எழுத்திலேயே முடிக்கும் இந்த ஆணைக்கு 'ஸ்ட்ராஃப்பெஃபேல்' என்று பெயர். கைக்குக் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அது தீர்ப்புக்குச் சமமாகிவிடும். மொழி புரியாமல் உறையைப் பிரிக்காமலேயே வைத்திருந்து இந்த இரண்டு வாரத்தைக் கோட்டைவிடும் அபாயம் புதிதாக வந்தவர்களுக்கு எப்போதும் உண்டு. இவருக்குக் கவனக்குறைவுக்காக 20 நாள் வீதம், ஒவ்வொன்றும் 40 யூரோ என விதிக்கப்பட்டிருந்தது. நாள் வீதத்தின் எண்ணிக்கை குற்றத்தின் கனத்தைக் காட்டுகிறது, அதன் தொகை ஒருவருடைய ஒரு நாள் நிகர வருமானத்தைக் காட்டுகிறது. விபத்தின்போதோ ஆணை வந்தபோதோ வேலையில்லாமல் இருந்த அவருடைய வருமானத்தை நீதிமன்றம் மதிப்பிட்டுத்தான் போட்டிருந்தது. ஆகவே அவர் தொகையை மட்டும் எதிர்த்து ஆட்சேபம் எழுதினார்; சட்டம் அப்படிப் பகுதியளவில் எதிர்க்கவும் இடம் தருகிறது. வீதம் 25 யூரோவாகக் குறைந்து, மொத்தம் 500 யூரோவாயிற்று.

தொகையைவிட இருபது என்ற எண்ணிக்கைதான் அவருக்கு நீண்டகாலத்தில் முக்கியம். வேறு பதிவு இல்லாதவருக்கு 90 நாள் வீதம் வரையிலான தண்டனை வழக்கமான நன்னடத்தைச் சான்றிதழில் இடம்பெறாது. குடியுரிமை விண்ணப்பத்திலும் 90 வரையிலான அபராதம் பொதுவாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. ஆனால் வெளிநாட்டவர் மீது குற்ற நடவடிக்கை தொடங்கியதும் முடிந்ததும் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்படும். வதிவு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது கோப்பில் அந்தக் காகிதம் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். உரிமம் வழங்கவே கூடாது என்று ஆறு மாதத்துக்குக் குறையாத தடையை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த நிகழ்வில் அது பயன்படுத்தப்படவில்லை.

தெரிந்தவரின் நிலை

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் பகுதி மனைவியுடையது. 21-ஆவது பிரிவு ஓட்டியவரோடு நிற்பதில்லை; உரிமையற்ற ஒருவரை ஓட்ட அனுமதிக்கும் வாகனப் பொறுப்பாளரையும் அதே தண்டனை வரம்புக்குள் கொண்டுவருகிறது. கவனக்குறைவாக அனுமதித்தாலும் பொறுப்பு உண்டு. சாவியைக் கையில் கொடுத்ததுதான் அனுமதி என்றில்லை. எடுத்து ஓட்டுகிறார் என்று தெரிந்தும் தடுக்காமலிருப்பதும் அதற்குள் அடங்கும். 'இரண்டு மாதமாக' என்ற வாசகம் இங்கேதான் மனைவிக்கு எதிராகத் திரும்பியது.

கணவராவது புதிதாக வந்தவன், விதி தெரியாது என்று சொல்லலாம். மனைவியால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தமது உரிமத்தை மாற்றிக்கொண்டபோது அவரே ஆறு மாத விதியைக் கடந்து வந்தவர்; அவருடைய விண்ணப்பம் அதே அலுவலகத்தின் கோப்பில் இருக்கிறது. அவர் செய்த பிழை விதியைப் பற்றியதன்று, கணக்கைப் பற்றியது. ஆனால் விதியைத் தெரிந்தவர் கணக்கையும் உறுதிசெய்திருக்க வேண்டும் என்றே அரசு வழக்கறிஞர் பார்ப்பார். அதிகம் தெரிந்தவருக்குத் தற்காப்பு குறைவு என்பது கசப்பானதுதான், ஆனால் அநியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இறுதியில் அவர் மீதான நடவடிக்கை, 400 யூரோவை ஓர் அறநிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 153அ பிரிவின் கீழ் கைவிடப்பட்டது. அப்படி முடிந்தால் அது தண்டனையாகக் கருதப்படாது.

காப்பீடு

விபத்தில் பிழை கணவருடையது என்பதில் ஐயமில்லை. பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஜெர்மன் ஓட்டுநர் பள்ளிகளில் முதல் வாரத்திலேயே 'ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்ஸ்' என்று மனத்தில் ஏற்றிவிடும் விதி இது. அகலமான தெருவில் வருகிறவர் நீங்களாகவும், பக்கத்துச் சந்திலிருந்து வருகிறவர் அவராகவும் இருந்தாலும் நின்று வழிவிட வேண்டியவர் நீங்கள்தான்.

எதிர்க் காருக்கான 3,800 யூரோவைக் கட்டாயப் பொறுப்புக் காப்பீடு செலுத்தியது. ஓட்டியவருக்கு உரிமை இல்லை என்பதைக் காட்டி, பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினரைக் கைவிடக் காப்பீட்டு நிறுவனத்தால் முடியாது. ஆனால் கொடுத்ததைத் தன் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து திரும்பக் கேட்க முடியும். உரிய உரிமம் உள்ளவரே ஓட்ட வேண்டும் என்பது ஒப்பந்தக் கடமை. அதை மீறினால் ஒருவரிடம் 5,000 யூரோ வரை திரும்பப் பெறலாம் என்று கட்டாயக் காப்பீட்டு ஒழுங்காணை வரம்பிட்டிருக்கிறது. 'ரெக்ரெஸ்' என்று அழைக்கப்படும் இந்தக் கோரிக்கைக் கடிதம் அக்டோபரில் தம்பதியர் இருவர் பெயருக்கும் வந்தது.

இதில் ஒரு நுட்பமான வாதம் உண்டு. காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி, மீறப்பட்ட கடமைக்கும் நேர்ந்த விபத்துக்கும் தொடர்பில்லை என்று காப்பீடு பெற்றவர் நிரூபித்தால் நிறுவனம் பின்வாங்க வேண்டும். பதினான்கு ஆண்டு அனுபவமுள்ளவர், நின்றிருந்த வண்டியின் மீது பின்னால் வந்து ஒருவர் மோதியிருந்தால், உரிமத்துக்கும் விபத்துக்கும் என்ன தொடர்பு என்று துணிந்து கேட்டிருக்கலாம். இங்கே நேர்ந்ததோ, ஜெர்மன் தேர்வு எழுதியிருந்தால் கட்டாயம் படித்திருக்க வேண்டிய விதியொன்றை மீறியதால் வந்த மோதல். உரிம மாற்றத் தேர்வு எதற்காக இருக்கிறதோ அதே இடத்தில் சறுக்கியவருக்கு அந்த வாதம் கைகொடுக்காது என்று அவர்களுக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. கணவர் முழுத் தொகையையும் மாதம் 200 யூரோ வீதம் பத்தொன்பது தவணைகளில் கட்ட ஒப்புக்கொண்டார். சொந்தக் காரைப் பழுதுபார்த்த செலவு முழுவதும் கைக்காசு. அவர்களிடம் இருந்த பகுதிக் காப்பீடு தம் பிழையால் நேரும் மோதலுக்குப் பொருந்தாது.

உரிமத்தை மாற்றிக்கொள்ளுதல்

இவ்வளவுக்கும் நடுவே கணவர் செப்டம்பர் முதல் வாரத்தில் உரிம மாற்றத்துக்கு, அதாவது 'உம்ஷ்ரைபுங்' என்பதற்கு, விண்ணப்பித்திருந்தார். ஆறு மாதக் கெடு போன பிறகும் இதற்கு விண்ணப்பிக்கலாம். மூல உரிமம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். கெடு முடிவது ஓட்டும் உரிமைக்குத்தான், மாற்றிக்கொள்ளும் வாய்ப்புக்கு அன்று. இதைத் தெரியாமல், இனி எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று எண்ணி, முழுப் பயிற்சிக் கட்டணத்தையும் கட்டப் போகிறவர்களும் உண்டு.

சில நாடுகளின் உரிமங்கள் ஒழுங்காணையின் 11-ஆவது இணைப்பில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து போன்ற அந்த நாடுகளிலிருந்து வருவோர் கார் உரிமத்தைத் தேர்வின்றியே மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஆனால் புதிதாகக் கற்பவருக்குக் கட்டாயமான வகுப்புகளும் சிறப்புப் பயிற்சி ஓட்டங்களும் 31-ஆவது பிரிவின்படி இல்லை. செலவில் பெரிய பங்கு அந்த வகுப்புகளுக்குத்தான் போகும் என்பதால் இது பெரிய சலுகை. கண் பரிசோதனைச் சான்று, 45 நிமிட அலகுகள் ஒன்பது கொண்ட முதலுதவிப் பயிற்சி, பயோமெட்ரிக் புகைப்படம், மூல உரிமமும் மொழிபெயர்ப்பும், தேர்வுக்கு வண்டி தரப்போகும் ஓட்டுநர் பள்ளியின் பெயர் ஆகியவை விண்ணப்பத்தோடு கேட்கப்படும்.

குற்ற நடவடிக்கை முடியும்வரை அலுவலகம் காத்திருந்து, டிசம்பரில்தான் தேர்வுக்கு அனுமதித்தது. எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர பன்னிரண்டு மொழிகளில் எழுதலாம், ஆங்கிலம் அதில் உண்டு, தமிழோ இந்தியோ இல்லை. முப்பது கேள்விகளில் பிழைப் புள்ளிகள் பத்தைத் தாண்டக் கூடாது; ஐந்து புள்ளிக் கேள்விகள் இரண்டு தவறினால் கூட்டுத்தொகை பத்துதான் என்றாலும் தோல்வியே. ஜனவரியில் அவர் இதில் தேறினார்.

பிப்ரவரியில் நடந்த செய்முறைத் தேர்வில் தோற்றார். ஐம்பத்தைந்து நிமிடத் தேர்வின் நாற்பதாவது நிமிடத்தில், தடம் மாறும்போது கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்கவில்லை என்பது காரணம். கண்ணாடியில் பார்த்தேன் என்றார். கண்ணாடியில் தெரியாத சைக்கிளுக்காகத்தான் அந்தப் பார்வை என்றார் தேர்வாளர். பழகிய ஓட்டுநர்களுக்கு இந்தத் தேர்வு கடினமாவது இதனால்தான்: ஓட்டத் தெரியாதவருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்துவிடலாம், பதினான்கு ஆண்டுப் பழக்கத்தைக் கழற்றி வைப்பது வேறு வேலை. சந்திப்புகளில் வலப்பக்கம் பார்ப்பதில் மட்டும் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. இடையில் குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும் என்பதால், ஓட்டுநர் பள்ளியில் ஆறு பாடங்கள் எடுத்துக்கொண்டு மார்ச் மாதம் மறுபடி எழுதித் தேறினார்.

ஜெர்மன் உரிமம் வாங்கும் இடத்தில் இந்திய உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் இதைத் தரமாட்டார்கள். கையெழுத்திட்டுவிட்டு அட்டையை நீட்டினார், அதன் நகல் முன்பே எடுத்து வைத்திருந்தார். புதிய ஓட்டுநர்களுக்கான இரண்டாண்டுச் சோதனைக் காலம் அவருக்கு இல்லை, ஏனெனில் வெளிநாட்டில் உரிமம் பெற்ற நாளிலிருந்தே அந்தக் காலம் எண்ணப்படும். பதினான்கு ஆண்டு அனுபவத்தை ஜெர்மன் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒரே இடம் அதுதான். ரெக்ரெஸ் தவணைகளில் அப்போது நான்கு முடிந்திருந்தன. இன்னும் பதினைந்து பாக்கி.